முந்திக் கிழித்த தேதிகள்

5 அக்டோபர் 2023, வியாழக்கிழமை. புரட்டாசி 18.

எழுந்ததும் தேதித்தாளைக் கிழித்தேன். முகம் கழுவுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவது என் வழக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் தினசரிக் காலண்டர்களுக்கு மெய்ப்புத் திருத்தியவன் நான். நேற்றைய தேதி சுவரில் தொங்கும் வீட்டில் எனக்குக் காப்பி இறங்காது.

அடுத்தது தண்ணீர். சிறிய செம்புக் குடத்தில் முந்தின நாளே நிரப்பி வைப்பதை விடியலில் பாதியும் முற்பகலில் மீதியும் குடித்து, பிற்பகலுக்கு மறுபடி நிரப்புகிறேன். என் அண்ணன் கடைசி இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸுக்குப் போய்வந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். நோய்க்கு முன் அவர் நாக்கு ஒட்டினால்தான் தண்ணீர் கேட்பார்.

சில நாள்களாக எனக்குச் சிறுநீர் குறைவாகவும் அடர்ந்த நிறத்திலும் போகிறது. சிறுநீரகம் சோம்பத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆகவே இன்று முதல் தண்ணீரைக் கூட்டுவது, உப்பைக் குறைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மாத்திரைகள் வழக்கம்போல. இரத்த அழுத்தத்திற்கு ஒன்று. சென்ற மாதம் முதல் விருதுநகரில் வாங்கிவரும் சிறிய வெள்ளை மாத்திரை ஒன்று, அது தூக்கத்திற்கானது.

மாடியில் குடியிருந்து தையல் தைக்கும் மரியபுஷ்பம், நேற்று நான் விருதுநகர்ப் பேருந்திலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"இங்கன தடுக்கி விழுந்தா டாக்டருதான். எதுக்குய்யா விருதுநகரு வரைக்கும் போறீக?"

அங்கே கூட்டம் குறைவு என்றேன். உண்மையில் அங்கே கூட்டம் அதிகம்; என்னைத் தெரிந்தவர்கள்தாம் குறைவு.

9 அக்டோபர் 2023, திங்கட்கிழமை. புரட்டாசி 22.

குமட்டல். தலை கனம். உப்பை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். உப்பில்லாத ரசம் என்பது வெந்நீரில் புளியைக் கழுவிய கதைதான், இருந்தாலும் குடித்தேன்.

14 அக்டோபர் 2023, சனிக்கிழமை. புரட்டாசி 27. அமாவாசை.

காந்திமதி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். ஒரே மகள். பேச்சை நலம் விசாரிப்பில் தொடங்காமல் அடுப்பில் தொடங்கினாள்.

"கேஸை அணைக்காம வெளிய போயிட்டீங்களாம்ப்பா. புஷ்பம்தான் வந்து மூடுனாளாம்."

"அது ஒரே ஒரு முறை."

"ரெண்டு தடவைன்னு சொன்னா."

புஷ்பத்தின் வாய்க்கும் ஒரு மூடி தேவை. ஆனால் அதை இங்கே எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காந்திமதியின் வீட்டிற்கு அருகில் முதியோர்களுக்கான குடியிருப்பு ஒன்று வந்திருக்கிறதாம். தனி அறை, மூன்று வேளை உணவு, மணி அடித்தால் ஆள் வருவார். அங்கே ஓர் அறைக்கு எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுத்தேன். இந்த வீட்டில்தான் என் மனைவி சண்முகவடிவு முப்பத்தெட்டு ஆண்டுகள் நடமாடினாள். இங்கேதான் இருப்பேன் என்று சொல்ல நினைத்து, "இங்கே தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது" என்று சொன்னேன்.

முடிவில் ஓர் உடன்பாடு. அம்மாவின் முதல் ஆண்டுத் திதிக்கு அவள் வருவாள். ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமி; இந்த ஆண்டு நவம்பர் 2, வியாழக்கிழமை வருகிறது. நான் நன்றாக இருப்பதை நேரில் கண்டால் அந்த அறையைப் பற்றிப் பேச மாட்டாள். இல்லையென்றால் அவளோடு நானும் கோயம்புத்தூருக்குக் கிளம்ப வேண்டும்.

பஞ்சமி எந்த நாள் என்பதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவளுடைய கைப்பேசி சொல்லவில்லை.

17 அக்டோபர் 2023, செவ்வாய்க்கிழமை. புரட்டாசி 30.

புரட்டாசி இன்றோடு முடிகிறது. காலை முழுவதும் களைப்பு. உண்டபின் சற்றுப் படுக்கிறேன்.

18 அக்டோபர் 2023, புதன்கிழமை. ஐப்பசி 1.

எழுந்தபோது வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. தேதித்தாள் கிழிக்கப்படாமல் கிடந்தது. இப்படி ஒரு நாளும் நேர்ந்ததில்லை. உடனே கிழித்தேன். குளித்தேன். பால் வரவில்லை, பால்காரர் சொல்லாமல் நின்றுவிட்டார்.

காப்பி இல்லாமலே குடத்துத் தண்ணீரைக் குடித்து முடித்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. ஐப்பசி பிறந்துவிட்டது, பகல் குறுகத்தான் செய்யும். இவ்வளவு குறுகும் என்று எந்த ஆண்டும் கவனித்ததில்லை.

19 அக்டோபர் 2023, வியாழக்கிழமை. ஐப்பசி 2.

புஷ்பம் முக்காடிட்டு மாடியிலிருந்து இறங்கினாள். எங்கே என்று கேட்டேன்.

"சகாய மாதா நவநாளுக்குய்யா. புதன்கிழமைல்லா."

மாதா கோயிலில் புதன்தோறும் நடக்கும் நவநாள் ஜெபம் நேற்றே முடிந்துவிட்டது, இன்று வியாழன் என்று மென்மையாகச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிட்டீகளாய்யா?"

"அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?"

"ஒண்ணுமில்ல. வரும்போது இட்லி கொண்டாறேன்."

நாற்பது வயதில் இத்தகைய மறதி இரங்கத்தக்கது. கோயில் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று வாசலில் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள். வெட்கத்தில் எங்கேனும் சுற்றிவிட்டு வந்திருப்பாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாளிதழ் இருந்திருந்தால் அவளுக்கு எடுத்துக் காட்டியிருப்பேன். வடிவு போனபின் நிறுத்திவிட்டேன். அவள் உரக்கப் படிப்பாள்; நான் பிழை சொல்வேன். ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது.

23 அக்டோபர் 2023, திங்கட்கிழமை. ஐப்பசி 6. ஆயுத பூஜை.

ஓய்வு பெற்ற பிறகும் ஆயுத பூஜைக்கு அச்சகம் போகத் தவறியதில்லை. அன்று எந்திரங்கள் ஓடா. சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அவை அடங்கி நிற்பதைப் பார்ப்பதற்காகவே போவேன். வெள்ளை வேட்டி உடுத்தினேன். நடக்கும்போது தரை சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தது, செருப்பு தேய்ந்திருக்கிறது.

தெருமுனையிலேயே எந்திரங்களின் ஓசை கேட்டது. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மாவிலை இல்லை, பொரி இல்லை. மேற்பார்வையாளர் ராஜக்கனி மை படிந்த கையோடு ஓடிவந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன திடீர்னு? மெலிஞ்சுட்டீகளே."

"பூஜை இன்னும் ஆகவில்லையா?"

"பூஜை திங்கக்கெழமைல்லா அண்ணாச்சி. இன்னைக்குச் சனி. இந்தா, சம்பளம் போட்டுக்கிட்டிருக்கோம்." பிறகு பின்னால் திரும்பி, "ஏல, அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூலப் போடு. நமக்கே தேதி திருத்துனவுக, நம்மளச் சோதிக்க வந்திருக்காக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலை நெருக்கடியில் பூஜையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சம். தள்ளிப்போட்ட நாளைத் திங்கள் என்று வேறு சொல்கிறார்கள். இன்றுதானே திங்கள். காலண்டர் அடிக்கும் இடத்திலேயே கிழமை தெரியவில்லை என்றால் இனி இந்த ஊரை நம்பி யார் கல்யாணத்திற்கு நாள் பார்ப்பது?

ராஜக்கனி வண்டியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் புஷ்பத்திடம் தனியாக ஏதோ பேசினார். களைப்பு. தண்ணீர் குடித்தேன்.

28 அக்டோபர் 2023, சனிக்கிழமை. ஐப்பசி 11.

தலைவலி. சிறுநீர் மிகக் குறைவு. குடத்தை இன்னும் ஒரு முறை நிரப்பினேன். இதை எழுதினேனா என்று பார்த்தேன். எழுதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2 நவம்பர் 2023, வியாழக்கிழமை. ஐப்பசி 16. தேய்பிறைப் பஞ்சமி.

இன்று வடிவின் திதி.

விடியலிலேயே குளித்துச் சமைத்தேன். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பாசிப்பருப்புப் பாயசம். பாயசம் சிறிது கொட்டிவிட்டது. இலை போட்டேன். படத்தைத் துடைத்தேன். காந்திமதி நேற்றே வந்திருக்க வேண்டும். வரவில்லை. குருக்கள் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர். அவரும் வரவில்லை.

பத்து மணி வரை வாசலில் நின்றேன். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

புஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா இது, எலையெல்லாம் போட்டு? காந்தியக்கா புதன்கெழமதான வாறாக?"

"புதன்கிழமை நேற்றே போய்விட்டது."

"இன்னைக்குத் திங்கக்கெழமய்யா. சத்தியமாச் சொல்லுதேன். வியாழக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு கெடக்கு. உக்காருங்க, நான் அக்காவுக்குப் போன் போடுதேன்."

என் மனைவியின் திதியை எனக்கே சொல்லித் தருகிறாள். கதவைச் சாத்திவிட்டேன்.

பெற்ற மகளுக்கு நினைவில்லை. வைதிகம் செய்பவருக்கு நினைவில்லை. நான் ஒருவன்தான் நினைவு வைத்திருக்கிறேன். சோறு ஆறிவிட்டது. வடிவு ஆறிய சோறு சாப்பிட மாட்டாள். மறுபடி சூடு செய்ய வேண்டும். சோறு ஆறிவிட்டது. அடுப்பு எந்தப் பக்கம் திருப்பினால்

4 நவம்பர் 2023, சனிக்கிழமை. ஐப்பசி 18. மதுரை.

மேற்கண்ட தேதியைச் செவிலியரிடம் கேட்டு, எதிர்ச்சுவரின் காலண்டரில் பார்த்து, காந்திமதியின் கைப்பேசியிலும் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன்.

அடுக்களையில் விழுந்து கிடந்தேனாம். பின்வாசல் வழியாகப் புஷ்பம் வந்து பார்த்திருக்கிறாள். அன்று அக்டோபர் 30, திங்கட்கிழமை. அவள் சொன்னது சரி. வலிப்பும் வந்ததாம். நடுவில் நான்கு நாள்கள் என் கணக்கில் இல்லை. அந்த நான்கில் உண்மையான பஞ்சமியும் போய்விட்டது. வடிவின் திதியன்று என் கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத இயலவில்லை.

மருத்துவர் ஷமீமா என்பவர் பார்க்கிறார். இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் சாரம், ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்ததாம். ஒரேயடியாக ஏற்றினாலும் மூளைக்குக் கேடு என்பதால் சிறிது சிறிதாக ஏற்றியிருக்கிறார்கள்.

என் சிறுநீரகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டேன்.

"ரெண்டும் தங்கம்யா" என்றார்.

"அப்படியானால் சிறுநீர் ஏன் குறைந்தது?"

"மூளையில இருந்து ஒரு ஹார்மோன் வரும். தண்ணிய வெளிய விடாத, பிடிச்சு வையின்னு கிட்னிக்குச் சொல்றது அதோட வேலை. உடம்புல தண்ணி போதும்னா அது நின்னுரணும். உங்களுக்கு நிக்கவே இல்ல. நீங்க குடம் குடமாக் குடிச்சீங்க. கிட்னி அம்புட்டையும் பிடிச்சு வெச்சுக்கிருச்சு. ரத்தத்துல உப்பு நீர்த்துப் போச்சு, மூளை ஊறிப் போச்சு. அதுலதான் கிழமை தப்புனது, நடை தள்ளாடுனது எல்லாம்."

"சிறுநீரகத்தின் மேல் பிழையே இல்லையா?"

"அது சொன்ன பேச்சக் கேக்குற பிள்ளை. சொல்றவங்கதான் தப்பாச் சொல்லிக்கிட்டே இருக்காங்க."

இது எனக்கு எளிதில் விளங்கியது. கையெழுத்துப்படியில் முப்பத்திரண்டாம் தேதி என்று இருந்தால் அதையும் அப்படியே கோக்கும் அச்சுக்கோப்பாளர்களை நான் அறிவேன். அவர்களைக் கடிந்து பயனில்லை. ஆனால் அவர் அடுத்துக் கேட்டது எளிதாக இல்லை.

"இந்த ஹார்மோன் சும்மா கிளம்பாதுய்யா. ஏதோ ஒண்ணு கிளப்பி விட்டிருக்கு. பி.பி. மாத்திரை தவிர வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

காந்திமதி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இல்லை என்றேன்.

5 நவம்பர் 2023, ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி 19.

ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சிறு பாட்டில் தண்ணீர்தான். காப்பியும் ரசமும் அதற்குள் அடக்கம். வாய் உலர்ந்து உதடு ஒட்டுகிறது. உப்பிட்ட கஞ்சி தருகிறார்கள். உப்பு இத்தனை சுவையானது என்பதை மறந்திருந்தேன்.

நான் தூங்குவதாக எண்ணிக் காந்திமதி கணவரோடு தொலைபேசியில் பேசினாள். "இனிமே அந்த வீட்டுல தனியா விட முடியாதுங்க. மறதி நோய்தான்னு எனக்குத் தோணுது. கார்த்திகை பிறந்ததும் கூட்டிட்டு வந்துர்றேன்." கண்ணை மூடியபடியே கிடந்தேன்.

அந்த மாத்திரையைப் பற்றி நான் சொன்னால், அது எந்த மருத்துவர் தந்தது என்று கேட்பாள். மனநல மருத்துவர் என்பேன். அதன்பின் அந்த அறை உறுதி. ஆகவே சொல்லாதிருப்பதே நலம் என்று நேற்று கணக்கிட்டேன். சொல்லாவிட்டாலும் அந்த அறை உறுதி என்பது இன்று தெரிகிறது.

6 நவம்பர் 2023, திங்கட்கிழமை. ஐப்பசி 20.

காலையில் மருத்துவர் வந்தார். காரணம் பிடிபடாததால் நுரையீரலையும் மூளையையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார். நுரையீரலில் கட்டி இருந்தாலும் இந்த ஹார்மோன் இப்படிச் சுரக்குமாம். காந்திமதியின் முகம் வெளுத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சென்ற ஆண்டு அவளுடைய தாயின் கட்டிலருகேயும் இப்படித்தான் திரும்பி நின்றாள்.

"ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்றேன்.

பெயரைச் சொன்னேன். எவ்வளவு நாளாக என்பதையும் சொன்னேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா? நல்ல மாத்திரைதான், நெறையப் பேருக்கு ஒத்துக்கும். வயசானவங்கள்ல சில பேருக்கு மட்டும் இந்த ஹார்மோனக் கிளப்பி விட்டுரும். இத நிறுத்தி வேற குடுக்கலாம். நீங்களா நிறுத்துறது, நீங்களாக் கூட்டுறதெல்லாம் வேண்டாம்." ஸ்கேனையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், ஆனால் பயப்பட வேண்டாம் என்று காந்திமதியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தூக்கத்துக்கா அப்பா அந்த மாத்திரை?"

"இல்லை."

"பின்ன?"

சொன்னேன். தினமும் காலையில் தாளைக் கிழித்து, இராகு காலம் முதல் சந்திராஷ்டமம் வரை உரக்கப் படிப்பது என் வழக்கம். அடுக்களையிலிருந்து வடிவு "ஆகட்டும்" என்பாள். அவள் போன பிறகும் படித்துக்கொண்டிருந்தேன். ஆவணி மாதத்தில் ஒரு நாள் படித்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. காது கேட்கவில்லையா என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன். எழுந்து போய்த் திட்டவும் செய்தேன். அங்கே அடுப்பும் தண்ணீர்க் குடமும் இருந்தன. மறுநாள் விருதுநகருக்குப் போனேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"உனக்கு அலுவலகம் இருக்கிறதே."

அவள் என் பாட்டிலில் அன்றைக்கு மிச்சமிருந்த தண்ணீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

9 நவம்பர் 2023, வியாழக்கிழமை. ஐப்பசி 23.

ஸ்கேனில் குற்றமில்லை. சோடியம் ஏறிவிட்டது. மறதி நோய்க்கான சோதனை என்று கேள்விகள் கேட்டார்கள். இன்றைய தேதி என்ன என்பதற்கு ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி மூன்றையும் சொன்னேன். அந்த இளம் மருத்துவருக்கு முதலாவதை மட்டுமே சரிபார்க்க முடிந்தது.

மாலையில் வீடு திரும்பினோம். முந்தைய பக்கங்களைப் படித்தேன். அக்டோபர் 17 பிற்பகலில் உறங்கி எழுந்து அதை மறுநாள் விடியல் என்று எண்ணித் தாளைக் கிழித்திருக்கிறேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை அவ்வாறே. மூன்று நாள்கள் முந்திப் போயிருக்கிறேன். பிழையான தேதிகளை அடித்துத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு மூடிவைத்தேன். அந்த நாள்களில் நான் வாழ்ந்தது அந்தத் தேதிகளில்தான்.

புஷ்பத்திடம் நவநாள் பற்றி மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடுங்கய்யா. பூட்டுன கதவுக்குப் பின்னால ஒரு கதவு வெச்சாரே வீடு கட்டுனவரு, அவருக்குச் சொல்லுங்க நன்றிய" என்றாள். கட்டியவன் நான்தான் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே மாடி ஏறினாள்.

11 நவம்பர் 2023, சனிக்கிழமை. ஐப்பசி 25.

காந்திமதி இரண்டு நாள்களாக என்னைக் கண்காணிக்கிறாள். அடுப்பு, மாத்திரை, நடை, பேச்சு எல்லாவற்றையும். இன்று சாப்பிடும்போது, "நீங்க நல்லாத்தாம்ப்பா இருக்கீங்க. நான்தான் என்னென்னமோ நெனச்சுட்டேன். உங்க இஷ்டப்படி இங்கேயே இருங்க" என்றாள். உடன்பாட்டின்படி நான் வென்றுவிட்டேன். மோரை அளவாக ஊற்றிக்கொண்டேன்.

13 நவம்பர் 2023, திங்கட்கிழமை. ஐப்பசி 27. அமாவாசை.

தவறிய திதியை அந்த மாதத்து அமாவாசையில் கொடுக்கலாம் என்று குருக்கள் சொன்னார். எட்டு மணிக்கு வந்தார். காந்திமதி சமைத்தாள், இலையில் சூடாக விழுந்தது. சென்ற ஆண்டு வடிவு போனதும் இதே நவம்பர் 13, இதே ஐப்பசி 27. ஆங்கிலத் தேதிக்குத் திதி கொடுப்பவர்களை நான் கேலி செய்வதுண்டு. இன்று வாய் திறக்கவில்லை.

14 நவம்பர் 2023, செவ்வாய்க்கிழமை. ஐப்பசி 28.

காலையில் காந்திமதி புறப்பட்டாள். பேருந்து நிலையம் வரை வருகிறேன் என்றேன். வெயில், வேண்டாம் என்றாள். காலில் விழுந்து எழுந்து, கதவருகே நின்று மாத்திரைகளை மறுபடி ஒரு முறை சொன்னாள். புதிய மாத்திரை வேறு வகை. அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை.

அவள் போன பிறகு அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டினேன். பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன். துணி மடித்தேன். தலை தெளிவாக இருந்தது. நடை நேராக இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. சென்ற மாதம் பகல் சட்டென்று இருட்டியது. இன்றைய பகல் நகரவே இல்லை.

மாலையில் வீடு சேர்ந்துவிட்டதாகப் பேசினாள்.

"நாளைக்குப் போயி அந்த ரூமை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துர்றேம்ப்பா."

நல்லது என்றேன். பிறகு, அது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"கீழ்தான். ஏம்ப்பா?"

"ஜன்னல் எந்தத் திசை?"

"கிழக்குன்னு நெனைக்கிறேன். பக்கத்து ரூம்ல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருக்காரு. பேச ஆளில்லாமப் போறவங்க வர்றவங்களையெல்லாம் பிடிச்சு வெச்சுக்குவாரு." சற்று நிறுத்தி, "எதுக்குப்பா கேக்குறீங்க?" என்றாள்.

"சும்மா, தகவலுக்காக."

அங்கே குக்கர் விசில் அடித்தது.

இதற்காக நாளைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதை அடுத்த வாரம் செய்துகொள்ளலாம், அவசரம் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொன்னேன்.